கழுத்தோரம் ஒரு நேர்க்கற்றை

"முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா? நல்லாப் பாருங்க சார். முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா?"

இரண்டு கைகளிலும் இரண்டு மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை ஏந்தியபடி அவள் கேட்கிறாள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சட்டங்களைப் பார்க்கவில்லை. அவள் தலையைப் பார்க்கிறார். வருகிற எல்லோரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். காதுக்கு மேல் இரு பக்கமும் கிளம்பி, தோளைத் தொடப் போகும் நேரத்தில் மனசு மாறி மறுபடி மேலே ஏறிவிடும் முடி. கடையில் அவளுக்கு ஸ்பிரிங்கு அக்கா என்று பெயர். நாலைந்து சட்டங்களைத் தன் முகத்தில் மாட்டிக் காட்டினால் ஏதாவது ஒன்றின் கீல் அந்த முடியில் சிக்கிக்கொள்ளும். "ஒரு நிமிஷம் சார், உங்க கண்ணாடி என்னை விட்டு வரமாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கி எடுப்பாள். கூடவே இரண்டொரு முடியும் சேர்ந்து வரும்.

அடுத்தவர் முகத்துக்கு முடிவு சொல்ல அவளுக்கு நேரம் பிடிக்காது. "இது வேணாம். இதுல நீங்க யார் மேலயோ கோவமா இருக்கிற மாதிரி தெரியுது." அவ்வளவுதான், அந்தச் சட்டம் பெட்டிக்குள் போய்விடும். தன் விஷயம் என்று வந்துவிட்டால்தான் சிக்கல். சோப்பு வாங்குவதானாலும் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்துவிடும். இல்லாத இரண்டு சட்டங்களை ஏந்திக்கொண்டு இடதையும் வலதையும் மாறிமாறிப் பார்ப்பாள். பேருந்து நிறுத்தத்தில் அப்படி நின்றவளை, ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒருவர் தள்ளி நின்றதும் உண்டு.

முடியை மருந்து போட்டு நேராக்கிக்கொள்வதா வேண்டாமா என்பதைப் போன மழைக்காலத்திலிருந்து இப்படித்தான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இடது உள்ளங்கையில், சீப்பை வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கும் முடி. கீலில் மாட்டாத முடி. அதோடு புதுக் கடையும் சேர்ந்துகொண்டது. முதலாளி அடுத்த தெருவில் பெரிதாக ஒன்று திறக்கிறார். அதன் பொறுப்பு அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, "தலையை மட்டும் கொஞ்சம் அடக்கமா வச்சுக்கிட்டீங்கன்னா..." என்று நாயைப் படுக்கச் சொல்வதுபோலக் காற்றைத் தட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள். அன்று முழுக்க அந்தக் கைதான் அவள் கண்ணில் ஆடியது.

வலது உள்ளங்கையில் நாத்தனார் இருக்கிறாள். போன வருஷம் எங்கோ போய் நேராக்கிக்கொண்டு வந்தவள். உச்சந்தலையில் மருந்து பட்டுப் புண்ணாகி, காய்ந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. அந்த வாசனைக்கே கண் எரியும், மூச்சு முட்டும். நல்லபடியாக முடிந்தாலும் முடிந்த கதை இல்லை. "நாம நேராக்கினது கீழ தொங்கும், புதுசா வளர்றது மேல சுருட்டிக்கிட்டு வரும். மறுபடி போய் உக்காரணும். அதே தலை, அதே மருந்து" என்பாள் நாத்தனார்.

மருந்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. சூட்டைப் பற்றித் தெரியும். காதை அழுத்துகிறது என்று திரும்பி வரும் பிளாஸ்டிக் சட்டங்களைச் சூடுகாட்டி வளைத்துத் தருவது அவள்தான். வீட்டிலேயே வெந்நீரில் முக்கி வளைத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "ஒரு தடவை வளையும். இன்னொரு தடவையும் வளையும். அப்புறம் வளைச்ச இடத்துல வெள்ளையா ஒரு கோடு விழும், இதோ பாருங்க. அதுக்கு மேல அது நம்ம பேச்சைக் கேக்காது." சொல்லும்போது குரலில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

இரண்டு கைகளிலும் வைக்காத சங்கதி ஒன்றும் அவளிடம் உண்டு. அவளுக்கு முன்நெற்றியில் நரை. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கருப்புச் சாயம் பூசிக்கொள்கிறாள். பின்னந்தலையில் நரையில்லை, அங்கே பூசுவதில்லை. புருஷனுக்கு இது தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேருந்து ஓட்டுகிற மனிதர். எதிரில் வருவதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஒதுங்கிப் போகத் தெரிந்தவர். வாளியில் கறை கிடந்தால் மட்டும், "உள்ள ஏதாவது டயர் கொளுத்தினியா?" என்பார்.

கடையில் பில் போடும் பெண் ஒருநாள், "ஏங்க்கா, உங்களுக்கு ஒரு நரைகூட இல்லையே?" என்று கேட்டுவிட்டாள். நாக்கு முந்திக்கொண்டது. "எங்க வம்சத்துலயே கிடையாதும்மா. எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கருகருன்னு இருந்துச்சு." அப்பாவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசியவர்தான். அதை அவள் சொல்லவில்லை. அந்தப் பெண் இதைத் தன் சொத்துபோலப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம், "அக்காவுக்கு என்ன வயசு இருக்கும் சொல்லுங்க?" என்று கேட்டு வேடிக்கை பார்ப்பாள்.

பார்லருக்குக் கூட்டிப்போனதும் அந்தப் பெண்தான். பார்லர்க்காரம்மா கறாரான ஆள். உட்கார்ந்ததும் மருந்தைக் குழைக்கிற ரகம் இல்லை.

"நேரா தலையில கை வைக்கமாட்டேன். முதல்ல ஒரே ஒரு கத்தை எடுத்துப் பாப்பேன். தாங்குச்சுன்னா மேல பேசலாம். டை, மருதாணி ஏதாவது போடுறீங்களா? டை மேல இந்த மருந்து பட்டா முடி கூழாயிடும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் பில் போடும் பெண் சிரித்தாள். "டையா? அக்காவுக்கா? அவங்க வம்சத்துலயே நரை கிடையாது மேடம்!"

கண்ணாடியில் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்தாள். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு அசைப்பு.

வெளியே தெரியாமலிருக்கட்டும் என்று பார்லர்க்காரம்மா கழுத்தோரத்திலிருந்து ஒரு கற்றையைப் பிரித்து எடுத்தாள். மருந்து தடவி, கழுவி உலர்த்திய பிறகு அது பட்டு நூல்போல நேராகத் தொங்கியது.

அந்தக் கற்றையோடு அவள் ஒரு வாரம் நடமாடினாள். பில்லுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் கை பின்னால் போய் அதை நீவும். வீட்டில் முதலில் கண்டவர் புருஷன்.

"என்னடி இது, கம்பிச் சுருளுக்கு நடுவுல ஒரு தொடப்பக்குச்சி எட்டிப் பாக்குது?"

"டெஸ்ட்டு. நல்லா வந்திருக்கில்ல?"

"தொடப்பக்குச்சி நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "முன்னாடியும் இப்படியே வருமா?"

முன்னாடி என்ற சொல்லை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னதுபோல இருந்தது. வழக்கம்போல ஒதுங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயத்தைக் கலக்கி, பிரஷ்ஷை நெற்றிக்குக் கொண்டுபோனபோதுதான் அவள் கை நின்றது. சோதனை வைத்தது கழுத்தில். சாயம் ஏறியிருப்பது நெற்றியில். தாங்கியது சாயமே காணாத முடி. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருந்து ஒரு சுருளைப் பிடுங்கி நனைத்து இழுத்தாள். நீண்டு, விட்டதும் சுருண்டுகொண்டது. முன்னாலிருந்து ஒன்றை இழுத்தாள். மருந்தே படாத முடி, அதற்குள் பட்டென்று அறுந்தது. இன்னொன்றையும் பார்த்தாள். அதுவும் அறுந்தது.

அன்று அவள் சாயம் பூசவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் குறித்தாயிற்று. திங்கட்கிழமை புதுக் கடை. "வேற ஆளா வந்து நிப்பேன் பாருங்க" என்று முதலாளியிடம் சொல்லியும் ஆயிற்று. வாரம் முழுக்க அடுப்படியில் கைகள் உயர்ந்து உயர்ந்து இறங்கின. வேண்டாமென்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் முன்நெற்றி முடி கூழாகித் தண்ணீரோடு போகும். "பயந்துட்டேன்னு சொல்லிடலாமா?" என்று பாத்திரத்திடம் கேட்டாள். பாத்திரத்துக்கும் நம்பிக்கை வரவில்லை.

பார்லர்க்காரம்மா சொன்னபடி இரண்டு நாள் தலைக்கு ஊற்றாமல் சனிக்கிழமை போனாள். அதற்குள் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்த்திருந்தது. கண்மைப் பென்சிலால் தேய்த்து மூடியிருந்தாள். பார்லரில் ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. பக்கத்து நாற்காலியில் பில் போடும் பெண் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். இமையை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே பேசினாள்.

"திங்கக்கிழமை முதலாளி அடையாளமே கண்டுபிடிக்கமாட்டாரு பாருங்கக்கா. இன்னும் பத்து வயசு கொறஞ்சிடும். ஏற்கெனவே நரை வேற கிடையாது."

"பேசாதம்மா, நூல் மாட்டும்" என்றாள் நூலைப் பிடித்திருந்த பார்லர்ப் பெண்.

பார்லர்க்காரம்மா துணிப் போர்வையைப் போர்த்திவிட்டு, கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டைப் போட்டாள். காதோரத்திலும் நெற்றி விளிம்பிலும் வாஸ்லின் தடவினாள். கையுறை மாட்டிக்கொண்டு கிண்ணத்தைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. "எரிஞ்சா உடனே சொல்லணும். வெக்கப்பட்டுக்கிட்டு உக்காரக் கூடாது. என்ன, ஆரம்பிக்கலாமா?"

துணிப் போர்வைக்குள்ளே அவளுடைய இரண்டு கைகளும் உயர்ந்தன. இரண்டு பக்கமும் கூடாரம்போல மேடு எழும்பி நிற்பதைக் கண்ணாடியில் அவளே பார்த்தாள். இடது மேடு முதலில் இறங்கியது.

வலது கை போர்வைக்கு வெளியே வந்து ஈரத்துண்டின் நுனியைப் பிடித்தது. சட்டம் மாட்டிப் பார்க்க வருகிறவர்களை வெளிச்சத்துப் பக்கம் திருப்புவதுபோலத் தன் தலையைத் தானே விளக்குக்குக் கீழே சாய்த்துக்கொண்டு, வகிட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை துண்டை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள். துண்டில் கண்மை ஒட்டியது, வகிட்டில் வெள்ளை தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு கண் திறந்தது.