படத்தில் இல்லாத மிதவை

மியூரியல் தர்ல்வெல் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஓய்வுபெற்ற பிறகு கடலைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர் கேமரா சங்கத்தில் பதினோரு பேர். அவளைத் தவிர யாருக்கும் நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்துவைக்கும் பொறுமை கிடையாது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டால் விடிந்த பிறகும் அவ்வளவு நேரம் திறந்துவைக்கலாம். அலைகள் காணாமல் போய்விடும். கடல் பாலாடையாகப் படியும். பாறைகள் மட்டும் நிற்கும்.

அவள் கணவர் கத்பர்ட் முன்பு நண்டுப் படகு வைத்திருந்தவர். படகை விற்ற பிறகு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு கரைக்குக் கூட வருவார். அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. ஷட்டரைத் திறந்ததும் அவள் "திறந்தாச்சு" என்பாள். அவள் "மூடியாச்சு" என்று சொல்லும்வரை அவர் அசையவோ பேசவோ கூடாது. ஈர மணலில் ஓர் எட்டு வைத்தாலும் கேமராவைத் தாங்கும் முக்காலி நடுங்கும். அவள் கேமராவோடு சேர்த்துத் தலைக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே எண்ணுவாள். கடிகாரம் பார்க்கமாட்டாள். முட்டை வேகவைத்த காலத்துப் பழக்கம்.

இரண்டு வருடமாக கத்பர்டுக்கு மறதி. சாவியில் தொடங்கியது. போன கோடையில், இறந்துபோன அண்ணனுக்கு டீ போட்டு எதிரே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கரையில் மட்டும் அவருக்கு எதுவும் மறப்பதில்லை என்று மியூரியல் சொல்லிவந்தாள்.

அக்டோபரில் ஒரு காலை. எம்பிள்டன் கரையின் வடக்குப் பாறைகளுக்கு எதிரே முக்காலியை வைத்திருந்தாள். கடல் ஏறத் தொடங்கியிருந்தது. கேமராவைத் திருப்பிச் சரிசெய்தபோது கத்பர்ட் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவள் கறுப்புக் கண்ணாடியைத் திருகும்போது ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. கண்ணாடி போட்டுவிட்டால் கேமராவுக்குள் வெறும் இருட்டு. "திறந்தாச்சு" என்று கத்திவிட்டுக் கோட்டுக்குள் போனாள். நான்கு நிமிடம் எண்ணினாள். எடுத்த படத்தைச் சரிசெய்ய அந்தக் கேமராவுக்கு மேலும் நான்கு நிமிடம் வேண்டும். படம் திரையில் வரும்வரை அவள் "மூடியாச்சு" சொல்வதில்லை.

படம் வந்தது. இடது ஓரத்தில், வெண்மைக்கு நடுவே, ஓர் ஆள். தொப்பி, கோட்டு, தொங்கும் கைகள். பாறைபோல அத்தனை தெளிவாக.

கோட்டை விலக்கினாள். அதே இடத்தில் கத்பர்ட் நின்றிருந்தார். படத்தில் கணுக்காலில் இருந்த தண்ணீர் இப்போது அலைக்கு அலை முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது.

"மூடியாச்சு," என்றாள்.

அவர் திரும்பி நடந்து வந்தார்.

"அங்க என்ன பண்ணின?"

"பாறையில ஒரு மிதவை மாட்டிக்கிட்டு ஆடுச்சு. ஆரஞ்சுக் கலர். எவனோட நண்டுக் கூண்டோ. எடுக்கலாம்னு போனேன், நீ திறந்தாச்சுன்னுட்ட."

"தண்ணி ஏறுதே, வந்திருக்க வேண்டியதுதானே?"

"நீ மூடியாச்சுன்னு சொல்லலியே." காலுறையைப் பிழிந்தார். "இன்னிக்கு ரொம்ப நேரம் எண்ணிட்ட. முட்டையா இருந்தா கல்லாயிருக்கும்."

அவள் பாறைகளைப் பார்த்தாள். நுரைதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஹேசல் வந்தாள். வியாழக்கிழமை ஞாபகமறதி டாக்டரைப் பார்க்க வேண்டும். கத்பர்ட் வீட்டிலேயே இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்பது டாக்டர் எழுதப்போவதைப் பொறுத்தது. மேசைமேல் கணினியில் அந்தப் படம் திறந்திருந்தது.

"யாரும்மா இது?"

"உங்கப்பாதான்."

"தண்ணிக்குள்ளயா? நீ கோட்டுக்குள்ள உட்கார்ந்து ஒண்ணு ரெண்டு எண்ணிட்டிருந்தியா?"

"மிதவை எடுக்கப் போனாராம்."

ஹேசல் படத்தைப் பெரிதாக்கினாள். பாறையின் ஒவ்வொரு பிளவையும் பார்த்தாள். "எங்க மிதவை?"

"ஆடுற எதுவும் இதுல விழாது."

"ரொம்ப வசதியாப் போச்சு."

"இருந்திருந்தாலும் விழாதுடி. அதைத்தான் சொல்றேன்."

"இல்லாமயிருந்தாலும் விழாது. புத்தி இருக்கிற மனுஷன் அப்படி நிப்பாராம்மா?"

"புத்தி இல்லாதவரால நாலு நிமிஷம் ஆடாம நிக்க முடியுமா? எங்க சங்கத்துல ஒருத்தராலயும் முடியாது." பெருமையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்திருந்தபோது தனியாகப் போய்ப் பாறை இடுக்குகளில் தேடினாள். ஒரு முழம் நீலக் கயிறு கிடைத்தது. எங்கள் கரையில் நீலக் கயிறு எங்கும் கிடக்கும். இருந்தாலும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

வியாழக்கிழமை டாக்டர் மூன்று வார்த்தைகள் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மியூரியலிடம் கேட்டார்: "சொன்னா கேட்டு நடக்கிறாரா?"

எந்தப் பதில் கத்பர்டை வீட்டில் வைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள்.

"நல்லாருக்கே. பனியா?"

"கடல்."

"இது யாரு?"

"நான்தான்," என்றார் கத்பர்ட். "ஒரு மிதவையை எடுக்கப் போனேன்."

டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல காணோமே."

"இவ படத்துல அதெல்லாம் நிக்காது டாக்டர். நின்னவன் நான் ஒருத்தன்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சற்றுப் பொறுத்து அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். கத்பர்ட் சிரித்தார். ஒன்றுகூட நினைவில் இல்லை. "மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். அதுவரை கரைக்குப் போனா கையைப் பிடிச்சுக்குங்க," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் ஹேசல் போனில் கேட்டாள். "என்ன சொன்னாரு, நல்லதா கெட்டதா?"

"தெரியல," என்றாள் மியூரியல்.

சனிக்கிழமை காலை மறுபடி போனார்கள். ஒரு கையில் ஷட்டரைத் திறந்து மூடும் வயர், மறு கையில் கத்பர்டின் கை. கோட்டைப் போர்த்திக்கொள்ள முடியவில்லை. "திறந்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்காமல் அவரையே பார்த்தபடி எண்ணினாள். அவர் அசையாமல் நின்றார்.

நூற்றுப் பத்தோ, இருபதோ இருக்கும்.

"மூடியாச்சா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் ஷட்டர் திறந்திருக்கும்போது அவர் பேசியதே இல்லை. விதி மறந்துபோய்விட்டதா? இல்லை, அன்று தண்ணீரில் நின்றதுபோல நிற்காமல் இனி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று புரிந்துகொண்டாரா? அவர் முகத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. எதிலிருந்து மறுபடி தொடங்குவது என்றும் தெரியவில்லை.