அக்கரைக்காரர் காவல்

மோகனூரில் எங்கள் வயலுக்கு நேர் எதிரே, காவிரியின் நடுவில் ஒரு திட்டு இருந்தது. பாதி எங்கள் பட்டா. பாதி அக்கரைக் குடும்பம் ஒன்றின் பட்டா. கோடையில் அதன் மணலில் ஆலாப் பறவைகள் முட்டையிடும். நாணலுக்குள் நீர்நாய்கள் குடியிருந்தன. முட்டைகளை மிதித்துவிடுவேன் என்று அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுதான் அங்கே நடப்பார்.

அந்தத் திட்டை உழாமலே விட்டுவிடுவதென்று அவரும் அக்கரைக்காரரும் முடிவு செய்தார்கள். ஆனால் சொந்த நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் எங்கள் பக்கத்தில் சொந்தபந்தமெல்லாம் கேள்வி கேட்கும். அதனால் ஓர் ஏற்பாடு: எங்கள் பாதிக்கு அவர் காவல், அவர் பாதிக்கு அப்பா காவல்.

கரும்பு நல்ல விலைக்குப் போன காலம் அது. ஒரு பங்குனியில் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, திட்டை உழ டிராக்டரோடு வந்து இறங்கினார்.

"ஏனுங்க மாப்ளே, நாணல மொளைக்க உட்டுட்டு குருவிக்குப் பண்ணையம் பாக்கறீங்களா?"

அம்மாவும் மாமா பக்கம்தான். பெண் கொடுத்தவரை எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. "மொதல்ல சாப்புடுங்க மச்சான்" என்று உட்காரவைத்துவிட்டு, பண்ணையாளிடம் ஏதோ சொல்லி அக்கரைக்கு அனுப்பினார். மாமாவுக்கு அன்று ரசமே மூன்று முறை ஊற்றப்பட்டது.

பின்னால் அப்பாவும் நானும் வர, டிராக்டர் முழங்கால் தண்ணீரைக் கடந்து திட்டில் ஏறியபோது, அக்கரைக்காரர் வேட்டியை மடித்துக்கட்டி எதிரே நின்றார்.

"வண்டியத் திருப்புங்க. இது எம்பட காவலுங்க."

"நெலம் எங்க மாப்ளையோடது!"

"அவருதானுங்க ஒப்படைச்சாரு. அவரே ஏரோட வந்தாலும் உடமாட்டேன்."

மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"வாக்குக் குடுத்துட்டனுங்க மச்சான். நான் என்னங்க பண்றது?"

தலைக்குமேல் ஆலாக்கள் கத்திக்கொண்டு சுற்றின. டிராக்டர் திரும்பியது. மாமா காபிகூடக் குடிக்காமல் ஊருக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. எங்கள் நிலத்திலேயே வேற்றாள் ஒருவர் எங்களை விரட்ட, அப்பா பயந்து நின்றதாகத்தான் நினைத்தேன். "வா சாமி" என்று அவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. இன்று என் மகள் என் கையை உதறினால், எங்கே தவறு செய்தேனோ என்று இரவு வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மாவின் ஏச்சு காத்திருந்த வீட்டை நோக்கி, ஈர வேட்டியோடு, அவர் ஏன் தனக்குள் சிரித்துக்கொண்டே நடந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவேயில்லை.