முதலில் எந்தத் தெரு

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும், பொறுத்துப் படியுங்கள். நான் மைக்செட் போடுபவன்.

பாகூர் பக்கம் எங்கள் ஊரில், ஹிட்லர் கொன்ற யூதர்களுக்காக ஒரு டீச்சர் நினைவுக் கூட்டம் நடத்தினார். ஒல்லியானவர். கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். நான் வால்யூமை ஏற்ற வேண்டும். குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றதைச் சொன்னார்.

முன்வரிசைப் பெரியவர் எழுந்தார். "இன்னா டீச்சர், அவன மாதிரி ஒருத்தன் வந்தாதான் நம்ம நாடு உருப்படும்!" எல்லோரும் கைதட்டினார்கள்.

டீச்சர் குரல் இறங்கியது. "சரிங்க, வரட்டும். நம்மூர்ல மொதல்ல எந்தத் தெருவ ஏத்திக்கினு போவான்?"

பாதித் தலைகள் ஊருக்கு வெளியே இருக்கிற எங்கள் காலனிப் பக்கம் திரும்பின. பதில் டீச்சருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. தினமும் என்னோடு டீ குடிக்கிற தலைகள் அவை.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு.