தவண்ணை வாங்கிய கட்டைக் குழல்

செய்தி வந்தபோது நான் பிராண்டேயில் இருக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். புகார்ப் பனி தெருவை மூடியிருந்தது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டே போனேன். தவண்ணையின் மனைவி ரஞ்சியக்காவின் இலக்கம் போனில் வந்ததும், அதிலிருந்து தவண்ணைதான் எடுக்கிறார் என்று நினைத்து, "என்ன அண்ணை, எழும்பியாச்சோ?" என்றேன். மறுபக்கத்தில் அக்காவின் குரல்: "சிவா, அண்ணை எழும்பேல்லையடா. நித்திரையிலையே போயிட்டார்." வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

தவண்ணையை, தவராசா அண்ணையை, இதை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் பந்தலுக்குக் கம்பி கட்டியவர், கலியாண வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட உட்காருபவர். வேட்டைத் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிற தவண்ணையைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும், "ஊர்ச் சண்டையிலை கேட்ட வெடி போதாதெண்டே இஞ்சையும் வெடி வைக்கிறீர்?" என்று பகிடி பண்ணுவார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தவண்ணையைப் பற்றித்தான் நான் எழுதலாம், ஏனென்றால் பக்கத்தில் இருந்தவன் நான்.

அந்தத் தொழிற்சாலையில் காற்றாலை இறக்கைகளைத் தேய்த்து மினுக்கும் பகுதியில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். வேட்டை அனுமதிச் சோதனையை முதலில் எழுதியவன் நான். எங்கள் மேற்பார்வையாளர் ஓலெயின் வேட்டைக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தவண்ணை சும்மா பார்க்க வருகிறேன் என்று ஒருநாள் என்னோடு காட்டோரத்து வேட்டைப் பரணில் ஏறினார். கீழே புதர் மண்டிய பற்றைவெளி முழுக்க வெள்ளைப் புகார். அது மெல்ல அசைந்து, ஒரு மரத்தைக் காட்டி, பிறகு அதையும் எடுத்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "தேய்க்கிற மெசின்ரை சத்தம் வீட்டிலையும் தலைக்குள்ளை கேக்கும், சிவா. இஞ்சை அது நிண்டிட்டுது," என்றார். அடுத்த வருடம் அவரும் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினார்.

பிறகு ஒரு மாலை, வெளியின் அந்தப் பக்கம் ஒரு மான் புகாருக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. புகாரில் தூரம் பொய் சொல்லும். கிட்ட நிற்பதாக நினைத்து அவர் சுட்டார். மான் ஓடிவிட்டது. பற்றையில் இரத்தம் இருந்தது. இந்த நாட்டு வேட்டைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு: காயப்பட்ட மிருகத்தைத் தேடும் நாய்க்காரரை உடனே கூப்பிட வேண்டும். கூப்பிடுவது வெட்கமில்லை, கூப்பிடாமல் விடுவதுதான் வெட்கம். விடிந்ததும் நாய்க்காரர் வந்தார். நாய் மோப்பம் பிடித்துப் போய் ஒரு பள்ளத்தருகே நின்றது. மான் இன்னும் உயிரோடு கிடந்தது. நாய்க்காரர்தான் முடித்துவைத்தார்.

எங்களோடு வந்திருந்த ஓலெ ஒரு சிறு ஊசியிலைக் கிளையை முறித்து மானின் பற்களுக்கு இடையில் வைத்தார். அது அவர்களுடைய முறை, மிருகத்துக்குக் கடைசி வாய் உணவு. தவண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்கள் வாய்க்கரிசி போடுறம். இவையள் கிளை வைக்கினம்," என்றார். காரில் ஏறியதும் உடைந்துபோனார். "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் துவக்கைக் குடுத்திடுவன். ஆனால் குடுத்தால் எனக்குப் போறதுக்கு வேறை இடமில்லை, சிவா." அப்படி அழுத தவண்ணையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குள் தொழிற்சாலை அவருடைய வலது தோளையும் தின்றுவிட்டது. ஒப்பரேசனுக்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தோட்டா ரவை ஏற்றும் பழைய துவக்கு அவருக்குச் சரிவரவில்லை. தானாக ரவை ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கித் துவக்கு தோளில் மெதுவாகத்தான் உதைக்கும். அதை வாங்க இருவரும் கோல்டிங் நகரப் பக்கமுள்ள ஒரு துவக்குக் கடைக்குப் போனோம். ஒரே துவக்கு, இரண்டு நீளத்தில் குழல். வித்தியாசம் ஒரு கையகலம்தான்.

நான் நீளக் குழலுக்கு நின்றேன். அதில் ரவை வேகமாகப் போகும், நெருப்பும் சத்தமும் குறைவு, முன்பக்கம் கனமாக இருப்பதால் நடுங்காமல் நிற்கும். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரரும் தலையாட்டினார். தவண்ணை நீளமானதைத் தோளில் வைத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கட்டையானதை வைத்துப் பார்த்தார்.

"கட்டையை எடுப்பம்," என்றார்.

"ஏன் அண்ணை?"

"நீளத்தைப் பிடிச்சால், தூரத்திலை நிக்கிறதும் கிட்ட நிக்கிறமாதிரிக் கிடக்கு. கட்டையைப் பிடிச்சால், அது வரட்டும், இருப்பம் எண்டு சொல்லுது."

"குழல் எங்கை அண்ணை கதைக்குது? ரெண்டாலையும் ஒரே தூரத்துக்குச் சுடலாம்!"

"உனக்குச் சுடலாம். என்ரை மனசு எனக்குத் தெரியுமடா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பும் வழியில் அவர் ஒரு வண்டிக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு போல்ஸெ வாங்கித் தந்தார். கோபத்தோடேயே அந்த இறைச்சிச் சுருளைத் தின்றேன். இப்போதும் சொல்கிறேன், கணக்கில் நான் சொன்னதுதான் சரி. கட்டைக் குழல் காதைப் பிளக்கும், சைலன்சர் பூட்டித்தான் அதை அடக்கினார். பரணுக்குள் முட்டாமல் திருப்பலாம் என்ற ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வேன்.

போன இலையுதிர்காலத்தில் இருவரும் ஒரே பரணில் இருந்தோம். விடிந்தும் விடியாத நேரம். புகாருக்குள் இருந்து ஒரு பெரிய செம்மான் வந்தது. கொம்பு முதலில் வந்தது, உடம்பு பிறகு. கால்கள் தெரியவில்லை, மிதந்து வருவதுபோல் இருந்தது. ஓலெயின் குழு முழுவதும் காத்திருந்த மான் அது.

"சுடுங்கோ, அண்ணை," என்று முணுமுணுத்தேன்.

"இன்னும் கிட்ட வரேல்லை."

"ஐயோ, சுடுறதுக்கு உந்தத் தூரம் காணும்!"

"உனக்குக் காணும்."

துவக்கு அவர் மடியில் இருந்தது. மான் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தது, பிறகு திரும்பிப் புகாருக்குள் போய்விட்டது. அவர் பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். மத்தியானம் எல்லோரும் கூடியபோது ஓலெ, "தவா, நீ ஏன் துவக்குக் கொண்டுவருகிறாய்?" என்று டேனிஷில் கேலி செய்தார். "துணைக்கு," என்றார் தவண்ணை தன்னுடைய உடைந்த டேனிஷில். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனால் அந்தக் கட்டைக் குழல் வந்த பிறகு அவர் ஒரு மிருகத்தையும் காயப்படுத்தி ஓடவிடவில்லை. கிட்ட வந்த சிலவற்றை ஒரே வெடியில் விழுத்தினார். அந்த இறைச்சிக் கறியை உங்களில் சிலர் அவர் வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். காட்டை அவர் இழக்கவில்லை. சாவதற்கு முந்திய ஞாயிறும் பரணில்தான் இருந்தார். எனக்குப் பெரிய ஆறுதல் அது.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் ரஞ்சியக்கா கூப்பிட்டார். அனுமதி இல்லாத வீட்டில் துவக்கு இருக்கக்கூடாது. "கடையிலை குடுக்க மனமில்லை. நீ எடு, சிவா," என்றார். அவர்களின் மகள் பக்கத்தில் நின்று, குழலை மாற்றுவீர்களா என்று டேனிஷில் கேட்டாள். பார்ப்போம் என்றேன். பொலிஸ் அனுமதி வந்ததும் எடுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை முதல்முறையாக அதோடு ஏறினேன். தூரத்தில் ஒரு மான் வந்து மேய்ந்தது. எனக்கு அது எட்டாத தூரமே இல்லை. துவக்கு மடியில் கிடந்தது, நான் எடுக்கவில்லை. மான் ஒவ்வொரு பற்றையாக முகர்ந்து, காதை அசைத்து, அவசரமில்லாமல் நடந்து காட்டுக்குள் போனது. எனக்குக் கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அந்த இரும்பு அல்ல. இத்தனை வருட வேட்டையில், சுடும் எண்ணமில்லாமல் ஒரு மான் போய் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான், அண்ணை.