இடுப்பளவு முப்பத்தாறு

ஆண்கள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்பத்தூரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் நாடாவும் கையுமாகப் பதினெட்டு வருடம் இடுப்பளவு எடுத்தவள் நான். இதைப் படிக்கும்போதே உங்களில் பாதிப்பேர் வயிற்றை எக்கியிருப்பீர்கள், பரவாயில்லை, நானும்தான்.

பேசாத மனிதர்

மாங்காட்டு ஏழுமலை லாரி ஓட்டுநர். கைகால் குச்சி, வயிறு மட்டும் குடம். நாடா பட்டதும் மூச்சை அடக்கிவிடுவார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்பேன். பதில் சொல்ல வாய் திறந்தால் வயிறு இறங்கிவிடும். நாற்பது அங்குலம் என்று எழுதிவிடுவேன். இரண்டாம் முறை உஷாராகி, வாயைத் திறக்காமல் மூன்று விரலைக் காட்டினார். அளந்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இது தொப்ப இல்லம்மா, எங்கப்பா எனக்கு உட்டுட்டுப் போன சொத்து."

அக்கா

ஏழுமலையோடு அவர் அக்கா தனமும் வருவாள். அவளுக்கு வயிறு ஒட்டியிருக்கும். பின்புறமும் தொடையும்தான் அகலம். பஸ்ஸில் உனக்கு ரெண்டு டிக்கெட் என்று தம்பி கேலி செய்வாராம். ஆறு மாதம் ராத்திரிச் சோற்றை விட்டதில் கன்னம் வற்றியது, தொடை குறையவில்லை.

டாக்டர் விளக்கினார். ஒரே அப்பா அம்மாவிடம் வாங்கிய மரபணுதான். பெண் உடம்பில் கொழுப்பைப் பின்புறத்திலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்க்கிறது, ஆண் உடம்பில் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்க்கிறது. தொடைக் கொழுப்பு சாது. வயிற்றுக் கொழுப்புதான் இதயத்தைக் கெடுக்கும். அக்காவுக்குக் கவலை வேண்டாம். தம்பிக்கு மாத்திரை, நடை. அடுத்த மாதத்துக்குள் இடுப்பு குறையாவிட்டால் லாரியை நிறுத்திவிட்டு இதயப் பரிசோதனை.

தனம் தம்பியைத்தான் பார்த்தாள்.

"அப்ப ஆறு மாசம் நான் பட்னி கெடந்தது யாருக்குடா?"

துண்டு

அடுத்த மாதம் நாடா முப்பத்தாறு காட்டியது. சட்டைக்கு அடியில் முடிச்சு ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. ஈரத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவிழ்க்கச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். மூத்த மகளுக்குக் கல்யாணமாம், லாரி நின்றால் அதுவும் நின்றுவிடுமாம்.

"ஒரு மாசம் உடும்மா. கல்யாணம் முடியட்டும், அப்பால நெசமா அள."

நான் முப்பத்தாறு என்றே எழுதினேன்.

ஏழுமலை மகள் கல்யாணத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டு மறுவாரம் மாரடைப்பில் இறந்தார். மருத்துவமனைப் பதிவேட்டில், என் கையெழுத்தில், அவருக்கு உடம்பு நன்றாகத் தேறி வருகிறது.