மூச்சுக்குள் சொன்ன ஆமாம்

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. உமேயோ பல்கலைக்கழகத்தின் நர்சிங் துறை வாசலில், ஒரு மரப்பலகைக்கு முன்னால், ஐம்பத்தெட்டு வயது இங்காலில் மார்க்லுண்ட் சுத்தியலும் கையுமாக நின்றிருந்தாள். ஸ்வீடனில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்தால் மட்டும் போதாது. மூலையில் ஓட்டை போட்டு, நாலு பேர் பார்க்கப் பலகையில் ஆணியடித்து மாட்ட வேண்டும். மூன்று வாரம் அது அங்கே தொங்கும். யார் வேண்டுமானாலும் படித்துக் குறை கண்டுபிடிக்கலாம். அதற்கப்புறம்தான் விவாத நாள்.

"ஆயுசு பூரா ஊசி குத்தினவ, ஒரு ஆணி இறக்க மாட்டேங்கறே" என்றாள் சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அவள் அக்கா சிவ். "குடுடி இப்படி."

சிவ் மூன்றே அடியில் ஆணியை இறக்கிவிட்டாள். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். சுத்தியல் அவள் மடியிலேயே கிடந்தது.

மூன்று வாரம் என்பதுதான் சிக்கல். சிவ்வுக்குக் கணையத்தில் புற்றுநோய். டாக்டர் தேதி எதுவும் சொல்லவில்லை, "வசந்தம் வரைக்கும்" என்றார். உமேயோவில் வசந்தம் எப்போது வருகிறது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. வெளியே மார்ச் மாதப் பனி இடுப்பளவு கிடந்தது. சிவ்வோ விவாத நாளன்று முன்வரிசையில் உட்காரப்போவதாக அறிவித்துவிட்டாள். தங்கை டாக்டர் ஆவதைப் பார்க்காமல் எங்கும் போவதாக இல்லை. காத்திருப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று இங்காலில் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். பொதுமக்கள் படித்துப் பார்க்க வேண்டுமே, அவகாசத்தைக் குறைக்க முடியாது என்றார்கள். ஆய்வேட்டைக் கையோடு வாங்கிப்போன பொதுமக்கள் சிவ் ஒருத்திதான்.

இங்காலில் நர்ஸ் வேலைக்கு வந்த காலத்தில் அது ஒரு ஒழுங்கு. படுக்கை விரிப்பின் மூலை மடிப்பில் தொடங்கி, சட்டைக் கழுத்தில் குத்திய வெள்ளி ஊக்கில் முடிகிற ஒழுங்கு. நோயாளிகள் "சிஸ்டர்" என்றார்கள். பிறகு அது தொழில் ஆயிற்று. அரசாங்க உரிமம் வந்தது, சங்கம் வந்தது, வேலைநிறுத்தம்கூட வந்தது. "சிஸ்டர்" போய்விட்டது. அதற்கும் பிறகு அதே கட்டிடத்துக்கு வேறு பலகை மாட்டி, அறிவியல் என்றார்கள். ஒழுங்கா, தொழிலா, அறிவியலா என்று மாடியில் வருஷக்கணக்காகக் கூட்டம் நடந்தது. கீழே வார்டில் இங்காலில் மூன்றையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள். கூட்டத்துக்குக் காப்பி மட்டும் கீழேயிருந்துதான் போனது.

அவளை மாடிக்குத் துரத்தியது ஒரு சொல். ஸ்வீடிஷ் மொழியில் நாம், நாங்கள் என்ற பேதம் கிடையாது. இரண்டுக்கும் "வி" என்ற ஒரே சொல். நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்களா, தள்ளி நிறுத்துகிறார்களா என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வசதியை உலகத்தில் வேறு யாரையும்விட நர்சுகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாம இப்ப குளிக்கலாமா, நாம மாத்திரை போட்டுக்கலாமா, நாம ஏன் இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கோம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எவால்ட் என்று ஒரு கிழவர் வார்டில் இருந்தார். ஆற்றில் மரம் மிதக்க விட்டுப் பிழைத்தவர், புத்தி தெளிவாக இருந்தவர். ஒரு மத்தியானம் இங்காலில் போகிறபோக்கில் சொன்னாள்: "நாம கொஞ்சம் தூங்கலாமா, எவால்ட்?"

எவால்ட் மெல்ல நகர்ந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டு, போர்வையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். "வா, இடம் இருக்கு" என்றார்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மரியாதையுள்ள மனிதர், கூப்பிட்டதற்கு இடம் விட்டார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்தப் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்க, ஓரத்திலேயே தூங்கிப்போனார். அந்தப் பாதிக் கட்டிலிலிருந்துதான் ஆய்வேடு புறப்பட்டது. நூற்றுக்கணக்கான வார்டுப் பேச்சுகளைப் பதிவு செய்து, எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்து, இங்காலில் நாலாம் அத்தியாயத்தில் முடிவாகச் சொன்னாள்: நர்சின் "நாம்" ஒருமுறைகூட உண்மை இல்லை. நிற்கிறவர் படுத்திருப்பவரிடம் சொல்கிற பொய் அது.

சிவ் அதைப் பென்சிலோடு படித்தாள். அவள் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவள்.

"நானும்தான் சொல்லியிருக்கேன். 'கிளம்பலாமா, நாம லேட்டு'ன்னு. ஆனா பஸ் கவுந்தா நானும் சேர்ந்துதான் கவுருவேன். அதனால என் 'நாம' நிஜம். உங்க ஆளுங்களோட 'நாம'ல கவுர்றது நோயாளி மட்டும்."

"இதை நான் எழுதியிருக்கலாம்" என்றாள் இங்காலில்.

"எழுதித்தான் இருக்கே. அறுபது பக்கத்துல."

விவாதம் முடிந்து வைக்கும் விருந்துக்கு இறால், முட்டை, மயோனைஸ் வைத்து அடுக்கிய பெரிய ரொட்டிக் கேக்குக்கு சிவ்தான் போனில் ஆர்டர் கொடுத்தாள். அந்த ஊரில் கல்யாணத்துக்கும் அதே கேக், சாவுக்கும் அதே கேக். என்ன விசேஷம் என்று கடைக்காரி கேட்டிருக்க வேண்டும். "ரெண்டு விசேஷம் இருக்கும்மா, எது முந்துதோ அதுக்கு" என்றாள் சிவ். இங்காலில் போனைப் பிடுங்கப் போனாள். "விடுடி. கடைசித் துண்டு எனக்கு, அதையும் சொல்லிக்கறேன்."

ஸ்வீடனில் தட்டில் இருக்கும் கடைசித் துண்டை யாரும் தொடுவதில்லை. பாதியாக வெட்டுவார்கள், அந்தப் பாதியைப் பாதியாக வெட்டுவார்கள், கடைசியில் தூள் மட்டும் காயும். சிவ் சிறுவயதிலிருந்தே கைநீட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவள். பஸ் ஓட்டினால் கடைசி நிறுத்தம் வரை போய்த்தானே ஆக வேண்டும் என்பாள்.

இங்காலில் லீவு போட்டுவிட்டு அக்காவின் வீட்டிலேயே தங்கினாள். வீட்டுக்கு வந்துபோன இளம் நர்ஸ் அவளிடமே படித்தவள். சுத்தமாக "நீங்க" போட்டுப் பேசினாள், ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டாள்.

அவள் போனதும் சிவ் சொன்னாள்: "நல்ல பொண்ணு. அனுமதி குடுத்துக் குடுத்தே நான் களைச்சுப்போயிட்டேன்."

இங்காலிலுக்கோ நாக்கு நழுவியது. "நாம கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா" என்றுவிட்டாள் ஒருநாள்.

"நாலாம் அத்தியாயம்" என்றாள் சிவ் கண்ணை மூடிக்கொண்டே. "இவ்ளோ பெரிய பொய்யா?"

இருவரும் சிரித்தார்கள். சிவ்வுக்குச் சிரித்தால் வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

உமேயோ இருக்கும் வடக்கே ஆமாம் சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. உதட்டைக் குவித்து, சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல் காற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்தால் போதும். "இந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுமா?" என்று கேட்ட தெற்கத்திப் பயணிகள் சிவ்வின் பதிலைக் கேட்டுப் பதறி, உனக்கு உடம்புக்கு முடியலையா என்று விசாரித்ததுண்டு. கடைசி நாட்களில் அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். ஜன்னலைத் திறக்கவா? உறிஞ்சல். வலிக்கிறதா? உறிஞ்சல்.

விவாதத்துக்குச் சில நாள் இருந்தது. கூரையிலிருந்த பனி பெயர்ந்து முற்றத்தில் தொப் தொப்பென்று விழுந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். சிவ் ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தாள். முதுகுக்கு ஆகாது. இங்காலில் அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

"நாம கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கலாமா, சிவ்?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாலாம் அத்தியாயம் என்று வரப்போவதை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை. சிவ்வின் உதடு குவிந்தது. காற்று வெடுக்கென்று உள்ளே போயிற்று.

இங்காலில் அவளைத் திருப்பினாள். கட்டிலில் பாதி இடம் காலியாயிற்று. இங்காலிலுக்கு இடுப்பு வலி உயிரை எடுத்தது, நாற்காலி தூரத்தில் இருந்தது. இந்தக் காரணங்கள் போதுமா என்று யோசிக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாதியில் படுத்துக்கொண்டாள். அக்காவின் முதுகில் நெற்றியை வைத்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. பிறகு இடம் மட்டுமே இருந்தது.

விவாதத்தைத் தள்ளிப்போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "கேக்குக்குச் சொல்லியாச்சு" என்றாள் இங்காலில்.

முன்வரிசையில் சிவ்வுக்கென்று வைத்திருந்த நாற்காலியில் யாரோ ஈரக் கோட்டைப் போட்டிருந்தார்கள். குறுக்கு விசாரணை செய்ய லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஹென்னிங் வீபெர்க் வந்திருந்தார். மெலிந்த மனிதர், தெற்கத்திக்காரர். எடுத்த எடுப்பில் பழைய கேள்வியைப் போட்டார்: நர்சிங் என்பது ஒழுங்கா, தொழிலா, அறிவியலா?

"நான் சேர்ந்தப்போ ஒழுங்கு. அப்புறம் தொழில். இப்ப அறிவியல்னு கதவுல எழுதியிருக்கு. படுத்திருக்கறவங்க யாரும் கேட்டதில்ல, நாமதான் கேட்டுக்கறோம்."

"இந்த 'நாம'ல நானும் உண்டா?" என்றார் வீபெர்க். அறை சிரித்தது. "சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒருமுறைகூட உண்மை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஒருமுறைகூடன்னா பெரிய வார்த்தை. உண்மையான 'நாம்' ஒண்ணையாவது நீங்க பார்த்ததுண்டா?"

இங்காலில் உதட்டைக் குவித்து மூச்சை இழுத்தாள்.

வீபெர்க் காத்திருந்தார். அவர் இன்னும் காத்திருந்தார். "பதில்?" என்றார்.

"சொல்லிட்டாங்க" என்றார் தலைமை வகித்தவர். "ஆமாம்னாங்க."

"ஓ." அவர் பேனாவை எடுத்தார். "அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"இதுல இல்ல. ஆணியடிச்ச பிறகு நடந்தது."

"நோயாளி அந்த 'நாம'வை ஏத்துக்கிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நான் கேட்டேன். இப்ப உங்க காதுல விழுந்ததே, அதே மாதிரி ஒரு சத்தம் வந்தது."

வீபெர்க் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார்: "அது பதிலா, மூச்சா?"

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் அடிக்குறிப்பு எதுவும் இல்லை. ஈரக் கோட்டைப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள். தெரியவில்லை என்ற பதில் அறிவியலுக்கு உகந்ததே என்று தேர்வுக் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. விருந்தில் எல்லோரும் முதலில் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள், அதே கையை விடாமல் துக்கமும் விசாரித்தார்கள். கேக் நன்றாக இருந்தது. வெட்டி வெட்டி, தட்டில் ஒரு இறாலோடு ஒரு துண்டு மிஞ்சியது. பாதியாகக்கூட யாரும் வெட்டவில்லை. காப்பி ஆறியது, கோட்டுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார், இங்காலில் மேஜைகளைத் துடைத்தாள். தட்டைச் சுற்றித் துடைத்தாள்.