கொலு வைத்த கீழறைக்கு வந்த வரி

பம்பாய் செம்பூரில் எங்கள் வீடு சரிவான நிலத்தில் இருப்பதால், கூடத்துக்கு அடியில் கரி மூட்டை போடும் ஓர் அறை உண்டு. வேலை தேடி வரும் உறவினர்கள் தங்கட்டும் என்று அதற்குத் தரை போட்டு, ஜன்னல் வைத்தோம். நம் வீட்டுக்குள் செய்வதற்கு யாரைக் கேட்பது என்று இருந்துவிட்டோம்.

அந்த நவராத்திரிக்குக் கொலுவையும் அங்கேயே வைத்து, தெருவையே அழைத்தேன். தாம்பூலம் வாங்கிப் போனவர்கள் அறையைப் புகழ்ந்தது முனிசிபாலிடி வரை எட்டிவிட்டது. ஒருவர் வந்து அளந்தார். வீட்டு வரி ஏறியது. பேசாமல் கட்டினோம். வரி வாங்கிக்கொண்டால் அறையை ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

சில மாதம் கழித்து அதே ஆபீஸிலிருந்து வேறொருவர் வந்தார், தமிழர்; அனுமதியில்லாத அறை, ஜன்னலை அடைத்துவிடுங்கள் என்றார். என் கணவர் வரி ரசீதைக் காட்டினார்.

"வரி வாங்கறது ஒரு டிபார்ட்மென்ட் சார். பர்மிஷன் கொடுக்கறது வேற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அனுமதியே இல்லாத அறைக்கு எதுக்கு வரி வாங்கினேள்?" என்றேன்.

"அறை இருக்கே, மாமி."

இப்போது சுவரில் ஓர் அலமாரி பதிப்பதானாலும் முனிசிபாலிடியில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். ஜன்னலை அடைத்தாயிற்று; கீழே மறுபடி கரி மூட்டைதான். மனிதர் வசிக்கும் அறைக்கான வரியைத்தான் அதற்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.